தாளில் எழுதிய செல்வம்
(ஜான் லா வாழ்க்கை வரலாறு)

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்

தபால்தலை சேர்ப்பவர்களை நாம் அறிவோம். பழைய காசு சேர்ப்பவர்களையும் அறிவோம். தீப்பெட்டிப் படங்களை நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்த சிறுவர்கள் நம் ஊர்களில் எத்தனையோ பேர். ஆனால் பழைய பங்குப் பத்திரங்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்களும் உலகில் இருக்கிறார்கள் என்பதை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். முந்நூறு, நானூறு ஆண்டுகளுக்கு முன்னால் கடல் கடந்து வாணிகம் செய்த கம்பெனிகள், மக்களிடம் பணம் பெற்றுக்கொண்டு கொடுத்த தாள்கள் அவை. கம்பெனி போய்விட்டது, கப்பல்கள் போய்விட்டன, பணம் கட்டியவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். தாள் மட்டும் எஞ்சி நிற்கிறது. அந்தத் தாளுக்கு இன்று ஏலத்தில் விலை கூறுகிறார்கள். 1970களின் இறுதியில் ஐரோப்பாவில் இந்தப் பழக்கத்துக்கென்று ஒரு தனிப் பெயரே சூட்டப்பட்டது.

இவற்றுள் மிகப் பழைய பங்குத் தாள் எது என்று கேட்டால், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1606ஆம் ஆண்டில் கொடுத்த ஒன்றைக் காட்டுகிறார்கள். என்க்ஹவுசன் என்ற துறைமுக நகரத்தில் அது எழுதப்பட்டது. 2010இல் ஹோர்ன் நகர ஆவணக் காப்பகத்தில் பழைய தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அதைக் கண்டெடுத்தவர் ஒரு கல்லூரி மாணவர். பங்குக்காரருக்கு 1650 வரை கொடுக்கப்பட்ட ஆதாயத்தின் கணக்கும் அதனோடு சேர்ந்தே இருந்தது. நம்மைப் போன்ற ஒரு மாணவர் கையில் நானூறு ஆண்டுத் தாள் அகப்பட்டது என்று படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

இந்தத் தாள்களைப் பற்றிப் படிக்கும்போது ஓர் உண்மை என் மனத்தில் தைத்தது. வாக்கைக் காப்பாற்றிய பத்திரம் பெரும்பாலும் பிழைப்பதில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்ததும் அதை வாங்கிக் கிழித்துவிடுவார்கள், அல்லது கொளுத்திவிடுவார்கள். வாக்குத் தவறிய பத்திரம்தான் பெட்டிக்குள் கிடந்து பல தலைமுறை வாழ்கிறது. சேகரிப்பவர் இன்று ஆசையோடு கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டுகிற தாள்களில் பல, என்றோ ஒரு குடும்பத்தின் கண்ணீரை வாங்கிய தாள்களே.

அத்தகைய தாள்களை ஒரு நாடு முழுவதும் பரப்பிய ஒருவருடைய வாழ்க்கையை இங்கே எழுத விரும்புகிறேன். அவர் பெயர் ஜான் லா. கொலைக் குற்றத்துக்காகத் தூக்குத் தண்டனை பெற்றவர், சூதாடிப் பிழைத்தவர், பிரெஞ்சு நாட்டின் நிதியமைச்சராக உயர்ந்தவர், ஒரே ஆண்டுக்குள் ஊரைவிட்டே ஓடியவர். கணிதம் படிக்கும் எனக்கு அவரிடம் ஒரு தனி ஈர்ப்பும் உண்டு, ஒரு தனிக் கோபமும் உண்டு. அதற்கான காரணங்கள் போகப் போக விளங்கும்.

பொற்கொல்லர் மகன்

ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் 1671ஆம் ஆண்டு ஜான் லா பிறந்தார். தந்தை வில்லியம் லா பொற்கொல்லர். அக்காலப் பொற்கொல்லர்கள் நகை செய்வதோடு நிற்கவில்லை. பிறர் பொன்னைப் பாதுகாத்துக் கொடுப்பது, கடன் கொடுப்பது என்று இன்றைய வங்கி வேலையையும் சேர்த்தே செய்தார்கள். அப்படிச் சேர்த்த பொருளில் தந்தை கடலோரமாக லாரிஸ்டன் என்ற கோட்டை வீட்டை வாங்கினார். அதில் வாழ அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. வாங்கிய சிறிது காலத்திலேயே இறந்துபோனார்.

இளைஞர் ஜான் லா கணக்கில் கெட்டிக்காரர். உயரமானவர், அழகர், பேச்சில் வல்லவர். இருபது வயதை ஒட்டி லண்டன் சென்றார். அங்கே கல்லூரியில் சேரவில்லை. சூதாட்டக் கூடங்களில் சேர்ந்தார். முதலில் தோற்றார். தந்தை வைத்துவிட்டுப் போன சொத்தே கைநழுவும் நிலை வந்தது. தாயார்தான் பணம் கொடுத்து அதைக் காப்பாற்றினார். அதன்பின் லா ஆட்டத்தைக் கணக்காகப் பார்க்கத் தொடங்கினார். பகடையில் எந்த எண் எத்தனை முறைக்கு ஒருமுறை விழும் என்பதை மனக்கணக்காகவே போடக் கற்றுக்கொண்டார். பகடையில் தொடர்ந்து ஆறு முறை ஆறு விழுந்தால் பெருந்தொகை தருவதாக அவர் பந்தயம் கட்டுவாராம். நம் நிகழ்தகவு வகுப்பில் செய்வதுபோல ஆறை ஆறு முறை பெருக்கிப் பாருங்கள், 46,656 வரும். அத்தனை வாய்ப்புகளில் ஒன்றே ஒன்றுதான் எதிராளிக்குச் சாதகம். பெருந்தொகை தருகிறேன் என்ற சொல்லில் மயங்கி மற்றவர்கள் காசை வைத்தார்கள். லா அதை எடுத்துக்கொண்டார். அவருடைய பிற்கால வாழ்க்கை முழுவதும் இந்தப் பந்தயத்திலேயே அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

1694இல் லண்டன் புளூம்ஸ்பரி சதுக்கத்தில் எட்வர்ட் வில்சன் என்பவரோடு வாள்சண்டை நடந்தது. வில்சன் மாண்டார். லாவுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு அது அபராதமாகக் குறைக்கப்பட்டபோதும், இறந்தவரின் சகோதரர் விடாமல் மேல்முறையீடு செய்தார். வழக்கு முடியுமுன் லா சிறையிலிருந்து தப்பி, கடல் கடந்து ஐரோப்பாவுக்குப் போய்விட்டார்.

ஆம்ஸ்டர்டாம் கற்பித்த பாடம்

ஓடிப்போன இடங்களில் ஆம்ஸ்டர்டாம் நகரம் அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று. 1609இல் தொடங்கப்பட்ட ஆம்ஸ்டர்டாம் வங்கி அங்கே சீராக நடந்துவந்தது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குகள் சந்தையில் நாள்தோறும் கைமாறின. இந்தியாவையோ ஜாவாவையோ கண்ணால் கண்டறியாத ஒருவர், அங்கிருந்து வரும் துணியிலும் மிளகிலும் கிராம்பிலும் ஒரு பங்கைப் பெயரளவில் சொந்தமாக்கிக்கொண்டு, மறுநாளே அதை விற்கவும் முடிந்தது. அதற்குச் சாட்சியாக இருந்தவை கணக்குப் புத்தகத்தின் பதிவும் ஒரு தாளுமே. நாட்டில் பொன்னும் வெள்ளியும் குறைவாக இருந்தாலும், நம்பத்தக்க தாள் இருந்தால் வாணிகம் செழிக்கும் என்ற எண்ணம் லாவுக்கு அங்கே வேரூன்றியது.

1705இல் பணத்தையும் வாணிகத்தையும் பற்றி ஒரு நூலை எடின்பரோவில் வெளியிட்டார். நிலத்தின் மதிப்பை ஆதாரமாக வைத்துத் தாள் பணம் வெளியிடலாம் என்பது அவர் யோசனை. ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் அதை ஏற்கவில்லை. 1707இல் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஒன்றானபோது, பழைய கொலை வழக்கு தம்மைத் தேடிவரும் என்று அஞ்சி மீண்டும் வெளிநாடு போனார். தம் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக, அரசவை அரசவையாகச் சென்றார். வயிற்றுப்பாட்டுக்குச் சூதாட்டம் கைகொடுத்தது. இப்படியே வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

கடனில் மூழ்கிய நாடு

1715 செப்டம்பரில் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி இறந்தார். அவர் நடத்திய போர்களும் கட்டிய மாளிகைகளும் நாட்டின் தலையில் 200 கோடி லீவருக்கும் மேற்பட்ட கடனைச் சுமத்தியிருந்தன. லீவர் என்பது அந்நாட்டு நாணயக் கணக்கு. அடுத்த மன்னரோ ஐந்து வயதுக் குழந்தை. அக்குழந்தையின் சார்பில் ஆட்சிப் பொறுப்பை ஏற்ற ஆர்லியன்ஸ் கோமகன் பிலிப், எந்த மருந்தையும் சாப்பிட்டுப் பார்க்கத் துணிந்த நோயாளியின் நிலையில் இருந்தார். அவரிடம் லா மருத்துவராக வந்து சேர்ந்தார்.

1716 மே மாதம் பாரிஸ் நகரில் லாவின் வங்கி திறக்கப்பட்டது. அதன் மூலதனம் 60 லட்சம் லீவர். ஒன்று சொல்லவேண்டும்: தொடக்கத்தில் இந்த வங்கி நேர்மையாகவும் திறமையாகவும் நடந்தது. அக்கால மன்னர்கள் நாணயத்தின் எடையையும் மதிப்பையும் அடிக்கடி மாற்றுவார்கள். இன்று கையில் இருக்கும் காசு நாளை என்ன பெறும் என்று யாருக்கும் தெரியாது. லாவின் வங்கி கொடுத்த நோட்டுக்கோ, அது வெளியிடப்பட்ட நாளில் இருந்த எடையும் தரமும் உள்ள நாணயமே திருப்பித் தரப்படும் என்று உறுதி சொல்லப்பட்டது. கேட்டவருக்குக் கேட்டவுடன் கொடுத்தும் வந்தார்கள். வரியை நோட்டாகவே கட்டலாம் என்று 1717இல் அரசும் அறிவித்தது. உலோகக் காசைவிடத் தாளுக்கு மதிப்புக் கூடியது. வட்டி குறைந்தது, வாணிகம் நிமிர்ந்தது. இந்த அளவோடு அவர் நின்றிருந்தால், இன்று வரலாற்றில் அவருக்கு வேறு இடம் கிடைத்திருக்கும்.

தாய், மகள், பேத்தி

லா நிற்கவில்லை. 1717இல் மேற்குக் கம்பெனி என்ற ஒன்றைத் தொடங்கினார். வட அமெரிக்காவில் மிசிசிப்பி ஆறு பாயும் லூசியானாப் பகுதியின் வாணிக உரிமை முழுவதும் அதற்குத் தரப்பட்டது. பங்கு ஒன்று 500 லீவர். இரண்டு லட்சம் பங்குகள். விலை போகாமல் கிடந்த அரசுக் கடன் சீட்டுகளைக் கொடுத்தே பங்கு வாங்கலாம் என்றார்கள். 1718இல் அங்கே நியூ ஆர்லியன்ஸ் நகரம் தோன்றியது. கோமகனின் பட்டப் பெயரே அதற்கு இடப்பட்டது.

1719 மே மாதம், 1664 முதல் நடந்து கடனில் நொடித்துப்போயிருந்த பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியையும் லா தம் கம்பெனியோடு சேர்த்துக்கொண்டார். அன்றிலிருந்து நம் பக்கத்து ஊரான புதுச்சேரியும் அவர் கம்பெனியின் கணக்கில் சேர்ந்தது. பாரிஸில் ஒருவர் லாவின் பங்கை வாங்கினால், மிசிசிப்பிக் காட்டிலும் சோழமண்டலக் கரைத் துணியிலும் ஒருசேர அவருக்குப் பங்கு என்று பொருள்.

புதிய பங்குகளை வெளியிட அவர் கையாண்ட முறை வேடிக்கையானது. பழைய பங்குகளுக்குத் தாய் என்று மக்கள் பெயரிட்டார்கள். நான்கு தாய்ப் பங்குகளை வைத்திருப்பவரே மகள் என்ற புதிய பங்கு ஒன்றை வாங்கலாம். அதற்கடுத்து வந்த பேத்திப் பங்கை வாங்க, நான்கு தாயும் ஒரு மகளும் கையில் இருக்கவேண்டும். பேத்தி வேண்டுமென்றால் தாயைத் தேடவேண்டும். எனவே தாயின் விலையும் ஏறும். உறவுமுறை சொல்லிப் பங்கு விற்ற இந்தத் தந்திரத்தைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, அச்சமும் வந்தது. பழைய பத்திரம் சேர்ப்பவர்களுக்கு இந்தக் குடும்பக் கதை மிகவும் பிடித்தமானது.

குவின்காம்ப்வா என்ற குறுகலான தெருவில்தான் பங்கு வாணிகம் நடந்தது. பிரபுவும் சமையற்காரரும், பாதிரியாரும் வண்டிக்காரரும் தோளோடு தோள் இடித்து நின்றார்கள். எழுத மேசை கிடைக்காத நெரிசலில், கூன் விழுந்த ஒருவர் தம் முதுகையே மேசையாக வாடகைக்கு விட்டுப் பணம் சேர்த்ததாகவும் ஒரு கதை உண்டு. 500 லீவர்ப் பங்கு 1719 இறுதியில் 10,000 லீவரை எட்டியது. கோடீசுவரரைக் குறிக்கும் மில்லியனர் என்ற சொல் அந்தத் தெருவில்தான் புழக்கத்துக்கு வந்தது என்பார்கள்.

இங்கே நாம் சற்றுக் கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். பங்கு ஒன்றுக்கு ஆண்டு ஆதாயம் 200 லீவர் என்று லா அறிவித்தார். 500 லீவருக்கு வாங்கியவருக்கு அது நூற்றுக்கு 40. ஆனால் 10,000 லீவர் கொடுத்து வாங்கியவருக்கு அது நூற்றுக்கு வெறும் 2. ஆதாயத்துக்காக யாரும் 10,000 கொடுக்கவில்லை. நாளை இன்னொருவர் 11,000 கொடுப்பார் என்ற நம்பிக்கையில் கொடுத்தார்கள். அந்த இன்னொருவர் வராத நாளில் என்ன ஆகும்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற நம் பழமொழியைப் பாரிஸ் நகரத்தாருக்கு யார் எடுத்துச் சொல்வது?

பங்கு வாங்கப் பணம் வேண்டுமா? லாவின் வங்கி நோட்டு அச்சிட்டுத் தந்தது. வங்கி 1718 இறுதியிலேயே அரசு வங்கியாகிவிட்டது. வரி வசூல், நாணயச் சாலை, புகையிலை உரிமை அனைத்தும் கம்பெனியின் கைக்குள் வந்தன. 1720 ஜனவரியில் ஜான் லா பிரெஞ்சு நாட்டின் நிதியமைச்சரானார். அப்பதவிக்காகக் கத்தோலிக்க சமயத்துக்கும் மாறியிருந்தார். தூக்குக் கயிற்றுக்குத் தப்பி ஓடியவர், ஐரோப்பாவின் மிகப் பெரிய நாடுகளுள் ஒன்றின் கருவூலத் திறவுகோலைக் கையில் பிடித்தார்.

ஆனால் அந்தப் பொன் நாடாகச் சொல்லப்பட்ட லூசியானாவில் என்ன இருந்தது? சதுப்பு நிலமும் கொசுவும் காய்ச்சலுமே இருந்தன. குடியேற மனமுவந்து போவோர் குறைவாக இருந்ததால், கைதிகளையும் தெருவில் திரிந்த ஏழைகளையும் பிடித்துக் கப்பலேற்றினார்கள். 1719 முதல் ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகக் கொண்டுபோய் இறக்கினார்கள். பத்திரத்தின் ஓரத்தில் என்ன அலங்காரம் இருந்தாலும், அதன் பின்னால் இருந்த உழைப்பு இவர்களுடையது. இவர்கள் பெயர் எந்தப் பங்குப் புத்தகத்திலும் இல்லை.

சரிவு

முதலில் விழித்துக்கொண்டவர்கள் பெரும் பிரபுக்கள். தாளைக் கொடுத்து வெள்ளியாக மாற்றி, வண்டி வண்டியாக ஏற்றிப் போனார்கள். லா பதறினார். 1720 பிப்ரவரியில் யாரும் 500 லீவருக்கு மேல் நாணயமாக வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. நம்பிக்கையால் ஓடிய தாளைச் சட்டத்தால் ஓட்டப் பார்த்தார்கள். மே 21ஆம் நாள், பங்கின் விலையும் நோட்டின் மதிப்பும் படிப்படியாகப் பாதியாகக் குறைக்கப்படும் என்ற ஆணை வெளியாயிற்று. மக்கள் கொதித்தார்கள். ஒரே வாரத்தில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆனால் கொட்டிய பாலை அள்ள முடியுமா?

ஜூலை 17ஆம் நாள், நோட்டைக் கொடுத்துக் கொஞ்சம் காசு பெறுவதற்காக இரவெல்லாம் காத்திருந்த கூட்டம் வங்கி வாசலில் நெரிந்தது. பலர் மிதிபட்டு இறந்தார்கள். இறந்தவர்களின் உடல்களைத் தூக்கிக்கொண்டு மக்கள் கோமகனின் அரண்மனை வாசலுக்கே போனார்கள். லாவின் வண்டி உடைக்கப்பட்டது. நவம்பர் மாதம் முதல் அந்த நோட்டுகள் பணமாகச் செல்லாமல் போயின. திரும்பி வந்த நோட்டுகளை நகர மன்றத்தின் முன் மூட்டை மூட்டையாகக் கொளுத்தினார்கள். டிசம்பரில் லா பாரிஸை விட்டுப் புறப்பட்டார். பின் ஒருபோதும் திரும்பவில்லை.

அடுத்த ஆண்டு, தாள் வைத்திருப்போர் அனைவரும் கொண்டுவந்து காட்டி, அது எப்படிக் கைக்கு வந்தது என்றும் சொல்லவேண்டும் என்று அரசு கட்டளையிட்டது. 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். இவர்கள் எல்லோரும் பேராசைக்காரர்களா? இல்லை. அரசுக்குக் கடன் கொடுத்து ஆண்டு வட்டியில் வாழ்ந்துகொண்டிருந்த விதவைகளும் முதியவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய பழைய கடனை அரசு அடைத்தபோது கையில் கொடுத்தது இந்தத் தாளைத்தான். குவின்காம்ப்வாத் தெருவை எட்டிப் பாராதவர்களும் தாளோடு நின்றார்கள்.

லாவின் மேல் எனக்குள்ள கோபத்தின் காரணத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். என் அப்பா நெல் அரவை ஆலையில் மூட்டை தூக்குபவர். அவருக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது, ஓட்டு வீட்டுக்குத் தளம் போடுவதற்காகச் சேர்த்துவைத்த 40,000 ரூபாயை நகரத்தில் இருந்த ஒரு பைனான்ஸ் கம்பெனியில் போட்டார். மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி என்றார்கள். எட்டு மாதம் 1,200 ரூபாய் ஒழுங்காக வந்தது. ஒன்பதாம் மாதம் கடையில் பூட்டுத் தொங்கியது. அவர்கள் கொடுத்த ரசீதில் பொன்னிறக் கரையும், சிங்க முத்திரையும், வழவழப்பான தாளும் உண்டு. மழையில் நனைந்துவிடக் கூடாதே என்று அப்பா அதை லேமினேட் செய்து, டிரங்குப் பெட்டியில் என் மதிப்பெண் பட்டியலோடு சேர்த்து வைத்திருக்கிறார்.

வந்த வட்டி மொத்தம் 9,600 ரூபாய். அதுவும் அப்பாவின் முதலிலிருந்து அவருக்கே எண்ணிக் கொடுத்ததாகத்தான் இருக்கவேண்டும். மீதி 30,400 ரூபாய் போனது போனதுதான். பேராசை பெருநஷ்டம் என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். மழைக்கு ஒழுகும் வீட்டைச் சரிசெய்து, மிஞ்சியதில் பிள்ளைக்குப் பரீட்சைப் பணம் கட்ட நினைப்பதைப் பேராசை என்று எப்படிச் சொல்வது? பாரிஸ் நகரத்தில் வரிசையில் நின்ற அந்த 5 லட்சம் பேரைப் பற்றிப் படித்தபோது, அவர்களுள் பலர் எனக்கு அந்நியராகத் தோன்றவில்லை.

கணக்குத் தெரியாதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று எண்ணிவிடவும் கூடாது. அதே 1720இல் லண்டனில் தென்கடல் கம்பெனியின் பங்குகளும் இப்படியே ஏறி இப்படியே விழுந்தன. நாம் பாடத்தில் வணங்கிப் படிக்கிற ஐசக் நியூட்டனே முதலில் லாபம் கண்டு, மறுபடியும் வாங்கிப் பெருந்தொகையை இழந்தார்.

வெனிஸ் நகரில் முடிவு

ஓடிய லா செல்வத்தைச் சுருட்டிக்கொண்டு போனாரா என்றால், இல்லை. தம் திட்டத்தைத் தாமே முழுதும் நம்பியதால், சொத்து அனைத்தையும் பிரெஞ்சு நாட்டிலேயே போட்டிருந்தார். எல்லாம் பறிமுதல் ஆயிற்று. பிறரை ஏமாற்றத் திட்டமிட்ட எத்தனாக அவரை என்னால் எண்ண முடியவில்லை. தாம் கண்ட கனவில் தாமே முதலில் ஏமாந்தவர் அவர். ஆனால் அவர் கனவுக்கு விலை கொடுத்தவர்கள் மற்றவர்கள். இதுவே அவர் மேல் நான் வைக்கும் குற்றச்சாட்டு.

1721இல் இங்கிலாந்து திரும்பி, பழைய கொலை வழக்குக்கு மன்னிப்புப் பெற்றதை நீதிமன்றத்தில் பதிவு செய்தார். பிரான்சிலிருந்து மீண்டும் அழைப்பு வரும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். வரவில்லை. கடைசி ஆண்டுகளை வெனிஸ் நகரில் கழித்தார். அங்கே அவருக்குச் சோறு போட்டது பழைய பகடையும் சீட்டும்தான். சேர்த்துவைத்த ஓவியங்கள் சில நூறு இருந்தன. 1729 மார்ச் 21ஆம் நாள், நிமோனியாக் காய்ச்சலால், 57ஆம் வயதில் காலமானார்.

அவர் தொடங்கிய கம்பெனி அவரோடு மறையவில்லை. கடனைக் கழித்து, வங்கியை விலக்கி, வெறும் வாணிகக் கம்பெனியாக அது மீண்டும் எழுந்தது. அதன் கப்பல்கள் புதுச்சேரிக்கு வந்து போயின. 1739இல் காரைக்காலும் அதன் கைக்கு வந்தது. 1769 வரை அதன் தனி வாணிக உரிமை நீடித்தது.

லாவின் தம்பி மகன் ழான் லா, அதே கம்பெனியின் ஊழியராக இந்தியாவுக்கு வந்தார். 1761இல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஊர் திரும்பக் கிடைத்தபின் 1765இல் ஆளுநராக வந்து, அந்த இடிபாடுகளின் மேல் நகரத்தை மறுபடியும் எழுப்பியவர் இந்த ழான் லாதான். அவருக்கு 1768இல் புதுச்சேரியிலேயே ஒரு மகன் பிறந்தார். அம்மகன் வளர்ந்து நெப்போலியனின் படைத்தலைவராகி, வெனிஸ் நகருக்கு ஆளுநராகப் போனார். 1808இல், புதைத்த இடத்திலிருந்து தம் பெரிய பாட்டனாரின் எலும்புகளை எடுத்து, சான் மொய்சே என்ற தேவாலயத்தில் அடக்கம் செய்வித்தார். வாசலைக் கடந்ததும் தரையில் பதிந்திருக்கும் கல்லில் ஜான் லாவின் பெயர் இருக்கிறது. புதுச்சேரியில் பிறந்த ஒருவர் செய்த கடைசிக் கடன் அது.

நண்பர்களே, தாள் பணம் வேண்டாம் என்றோ, பங்குகளே தீயவை என்றோ நான் சொல்ல வரவில்லை. இன்று உலகம் முழுவதும் தாளிலும், தாளும் இல்லாத கணக்கிலும்தான் வாணிகம் நடக்கிறது. அந்த வகையில் ஜான் லா தம் காலத்துக்கு மிகவும் முந்திப் பிறந்தவர் என்று ஒப்புக்கொள்ளவேண்டும். அவர் அறியாதது ஒன்றே: தாளின் மதிப்பு அதை அச்சிட்டவரின் திறமையில் இல்லை, அதைக் கையில் வைத்திருப்பவரின் நம்பிக்கையில் இருக்கிறது. அந்த நம்பிக்கையைக் கேட்டுப் பெறலாம், காத்துப் பெறலாம். ஆணையிட்டுப் பெற முடியாது.

லா வெளியிட்ட நோட்டுகளில் தீக்குத் தப்பிய சில இன்று சேகரிப்பவர்களின் கைகளில் இருக்கின்றன. அவற்றை விலை கொடுத்து வாங்குபவர் அச்சின் அழகையும், தேதியையும், கையொப்பத்தையும் பார்க்கிறார். பார்க்கட்டும், அதுவும் வரலாற்றைக் காக்கிற நல்ல வேலைதான். ஆனால் அதே தாளில் பின்பக்கத்தில் எழுதப்படாத ஒரு பெயரும் உண்டு. அதைக் கடைசியாகக் கையில் வைத்துக்கொண்டு, மாற்றிக் கொடுக்க ஆளில்லாமல் நின்றவரின் பெயர் அது.

எங்கள் குடும்பத்தில் ஒரு பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். இப்போது எங்கள் தெருவில் யார் எந்தச் சீட்டில் சேருவதானாலும், எந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதானாலும் என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறார்கள். வட்டி எவ்வளவு என்பதற்கு முன்னால், அந்த வட்டி எங்கிருந்து வரும் என்று கேட்கச் சொல்கிறேன். கல்லூரிக்கு வந்து கணக்குப் படித்ததன் பயன்களுள் இதையும் ஒன்றாக எண்ணுகிறேன்.